காட்டுச்சேம்பும் மாமாவின் புளியும்

பெரிய மாமாவை நினைத்தால் அவர் உள்ளங்கையில் இருந்த புளி உருண்டைதான் முதலில் கண்ணில் வரும். தண்ணீர் தொட்டுப் பிசைந்து, என் விரல்களில் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். அம்மாவின் மூத்த அண்ணன். பகுதிக் கச்சேரியில் நிலவரிக் கணக்கு எழுதும் குமாஸ்தா. அந்தக் கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். எங்கள் ஊரைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையில் கொடி பிடித்து நடந்தவர்களில் அப்பாவும் ஒருவர். போலீஸ் வீடு வீடாகத் தேடியது. அப்பா ஓடைக்கரைக் காட்டுச்சேம்புக்குள் பதுங்கினார். குடை விரித்ததுபோல இலைகள் நெருங்கி நிற்கும். உள்ளே குந்தியிருப்பவனை வரப்பில் போகிறவன் பார்க்க முடியாது. தண்டு ஒடிந்து நீர் பட்டால் தோல் தீயாய் அரிக்கும் என்பதால் யாரும் அதற்குள் நுழைவதுமில்லை. ஊரில் வேறு எங்கும் அந்தச் சேம்பு கிடையாது.

அப்பாவுக்கு அவித்த மரச்சீனிக்கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு எட்டு வயது. வீட்டு முற்றத்தில் மாமா நின்றார். நான் கையைச் சொறிந்துகொண்டே இருந்தேன்.

"கைக்கு என்ன பற்றிச்சு மக்கா? இஞ்ச வா, மாமன் புளி தேய்ச்சுத் தாறேன். இப்பம் மாறும்."

எங்கே போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிப்பு அடங்கியது. அவர்மேல் எனக்குப் பாசம்கூட வந்தது. 

பொழுது சாயுமுன் போலீஸ் நேராக ஓடைக்கு நடந்தது. முன்னால் மாமா, மடக்கிய குடையோடு. மைத்துனனால் தன் வேலை போய்விடும் என்று பயந்தாராம். பயந்தவனெல்லாமா காட்டிக் கொடுக்கிறான்?

உடம்பெல்லாம் தடித்துப்போய் அப்பா வெளியே வந்தார். மாதங்கள் கழித்து, அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு சிறையிலிருந்து வீடு திரும்பியவர், என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்: "நீயா மக்கா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல்லப்பா."

அது உண்மை. ஆனாலும் அவர் நம்பினாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஊர் தமிழகத்தோடு சேரவுமில்லை. மாமா பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார்.

படுக்கையில் விழுந்தபின் மாமா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அம்மாவுக்காகப் போனேன். என் விரல்களைப் பிடித்துத் தடவினார். அதே உள்ளங்கை, இப்போது வெறும் எலும்பு.

"அன்னைக்குள்ள சொறிச்சல் மாறிச்சா மக்கா?"

கையை உருவிக்கொண்டேன்.

"எனக்கு அன்னைக்கே மாறிச்சு மாமா. அப்பாவுக்குத்தான் சாகிறது வரை மாறல்ல."