அந்தோனியார் ஊருக்கு பைக்கில் போனோம்

டெக்சாஸில் பைக் பயணம் போக ஆசைப்படுபவர்கள் மார்ச் கடைசியில் போங்கள். நாங்கள் போனது 1986-இல், அதே பருவத்தில். நர்ஸ் வேலை நிரந்தரமானால் அந்தோனியாரிடம் வருவதாக நேர்ந்திருந்தேன். அவர் கோயில் இருக்கும் நம்மூர் உவரிக்குப் போக லீவு இல்லை. அவர் பெயரிலேயே சான் அன்டோனியோ என்று பக்கத்தில் ஒரு ஊர் இருக்கும்போது எதற்கு விமானம் ஏற வேண்டும்?

நாங்கள் குடியிருந்த சுகர் லேண்டிலிருந்து ஏறக்குறைய நூற்றுத்தொண்ணூறு மைல். காலை ஆறரைக்குக் கிளம்பி, ஃப்ரீவேயை விட்டுப் பழைய 90A சாலையைப் பிடித்தோம். ஓட்டியவர் என் கணவர் சேவியர். எனக்கும் லைசென்ஸ் உண்டு. இங்கேயே வகுப்புக்குப் போய் வாங்கியது. ஆனால் வேலைக்கு பைக்கில் போகிறேன் என்றால், முதலில் ஹைவேயில் ஓட்டிக் காட்டு என்பார். ஓட்டிக் காட்டச் சாவி கேட்டால் தரமாட்டார்.

சேவியர் தூத்துக்குடியில் புல்லட்டில் பழகியவர். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இங்கே நேர்மாறு. சாதாரணமாகச் சமாளித்துவிடுவார், பயந்தால் கால் தூத்துக்குடிக்குப் போய்விடும். ஹாலட்ஸ்வில் தாண்டி ஒரு பிக்கப் டிரக் குறுக்கே திரும்பியதும், பிரேக் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தார். கியர் இறங்கி, பின்சக்கரம் வழுக்கி, இருவரும் சாலையோரப் புல்லில் சரிந்தோம். நல்லவேளை, புளிச்சோற்று டப்பாவுக்கு மட்டும்தான் அடி.

அவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரக்கை ஓட்டியவர் இறங்கி வந்து, எங்களை பைக்கோடு ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். அதில் ஏறினால் மறுவாரமே பைக் விற்பனைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"சாவியக் குடுங்க. நான் கத்துக்கிட்டதே இந்த ஊர் பைக்லதான்."

"இது ஹைவேடி."

"ஆமா. ஹைவேல ஓட்டிக் காட்டச் சொன்னீங்கல்ல?"

கொடுத்தார். கோன்சாலஸ் வரை அவர் விரல்கள் என் இடுப்பில் பதிந்திருந்தன. செகீன் வந்தபோது பிடி தளர்ந்தது. வழியெல்லாம் நீலப் பூக்கள். ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். ஊருக்குள் நுழைந்தபோது அப்படி ஒரு திமிர், அப்படி ஒரு சந்தோஷம்.

ஸ்பானியர்கள் கட்டிய கல் கோயில்கள் ஆற்றோரமாக இருக்கின்றன. அவற்றில் பேர்பெற்ற அலமோவில் கூட்டம். தெற்கே போங்கள், அங்குள்ள கோயில்களில் இன்னும் பூசை நடக்கிறது. அவற்றில் ஒன்றில் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ச்சையை முடித்தேன்.

போகிறவர்களுக்கு: சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் கிடைப்பது சந்தேகம், சனிக்கிழமையே நிரப்பிக்கொள்ளுங்கள். புல்லட்டில் பழகியவர்கள் காலி பார்க்கிங் லாட்டில் ஒரு வாரம் பிரேக் பிடித்துப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். கால் லேசில் மறக்காது.

மறுநாள் திரும்பும்போது நான் சாவி கேட்கவே இல்லை. அவராகவே பின்சீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை மருத்துவமனைக்கு பைக்கில் போனேன். அவர் காரில் பின்னாலேயே வந்தார், அந்த ஒரு நாள் மட்டும்.