ஒருநாள் பஸ் ரிக்கற்றில் பரிஸ்

விருந்தாளிக்கு ஊர் காட்டுவது சம்பளமும் இல்லாத, லீவும் இல்லாத உத்தியோகம். வெளிநாட்டில் வீடு வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! மொன்றியலில் பென்சன் எடுத்த நாள் முதல் எனக்கு அதுதான் தொழில். ஒருமுறை ரொறன்ரோக்காரர் ஒருவருக்காக ஆற்றையே பின்பக்கமாக ஓட வைத்துக் காட்டியிருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம்.

விசா

மனைவியின் தங்கை திரேசா மன்னாரிலிருந்து வந்திருந்தாள். திரும்பும் வழியில் பரிஸ் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டு றோசலினிடம் சொல்லிவிட்டு வந்தவள். பிரெஞ்சு விசா கிடைக்கவில்லை. றோசலினோ ஏற்கெனவே மகனிடம் பரிஸ் போய் வந்தவளாம். பங்குக் கோயில் சனம் முழுக்க அந்தப் புழுகுதான்.

“கவலைப்படாதை, பரிசை நான் இஞ்சயே காட்டுறன்,” என்றேன். திரேசா மூக்கைத் துடைத்தாள்.

“படமில்லாமல் போனால் நான் இனிப் பூசைக்குப் போகேலாது, அத்தான். அவள் முன் வாங்கில இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.”

மெத்ரோ வாசல்

புட்டைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ஒருநாள் ரிக்கற்றோடு இறங்கினோம். முதலில் விக்டோரியா சதுக்கத்து மெத்ரோ வாசல். அந்த வளைந்த இரும்பு வேலைப்பாடு உண்மையாகவே பரிசிலிருந்து வந்தது. என் ஆயுளில் நான் விருந்தாளிக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

திரேசா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்கோ, அத்தான்.”

மாதா கோயில்

பரிசில் உள்ளதும் நோத்ர் டாம், இங்கே உள்ளதும் நோத்ர் டாம். உள்ளே சுற்றிப் பார்க்கக் காசு என்பதால் வெளியே நின்றே படம் எடுத்தோம். பின்னால் ஒரு கனடாக் கொடி பறந்து மானத்தை வாங்கியது. குடையை விரித்து அதை மறைத்துப் பிடிக்கச் சொன்னேன். நல்ல வெயில்; போகிற வருகிற சனமெல்லாம் வானத்தைப் பார்த்தது.

படம் எடுத்து முடிந்ததும் திரேசா சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதா ரெண்டு ஊரிலயும் ஒரே பேரோடதானே இருக்கிறா. மன்னிப்பா.”

கோபுரம்

ஈஃபில் கோபுரத்துக்கு எங்கே போவது? மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக்குப் பின்வெளியில் ஒரு மின்கம்பிக் கோபுரம் நிற்கிறது. திரேசாவை அதன் அடியில் நிறுத்தி, புல்லில் மல்லாந்து படுத்து, இரும்புக் கால்கள் மட்டும் தெரிய எடுத்தேன். நாயோடு வந்த ஒரு மனுசி என்னைத் தாண்டிப் போகும்போது “போஞ்சூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள்.

திரேசாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “பாத்தீங்களே, பரிஸ் சனத்துக்கு எவ்வளவு மரியாதை!”

றோசலின்

அன்று இரவே திரேசா படங்களை றோசலினுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் கண்டேன்: கோபுரப் படத்தில் அவள் தோளுக்கு மேலே, மின்னல் குறி போட்ட மஞ்சள் எச்சரிக்கைத் தகடு. திரேசா செபமாலையைத் தேடினாள். அதற்குள் போன் அடித்தது. மன்னாரில் அப்போதுதான் விடிகிறது; றோசலின் தேத்தண்ணிகூடக் குடித்திருக்க மாட்டாள்.

திரேசா போனை ஸ்பீக்கரில் போட்டாள். றோசலினின் குரல் வந்தது:

“ஓமடி, அதே இடந்தான்! அந்த மஞ்சள் தகட்டடியிலதான் நானும் நிண்டு படம் எடுத்தனான். இன்னும் அதைக் கழட்டேல்லையே அவங்கள்?”

இவ்வளவு காலம் ஊர் காட்டிய நான் அன்றுதான் அறிந்துகொண்டேன், மன்னாரில் வீட்டை விட்டு இறங்காமலே பரிஸ் பார்த்து வரலாம், அதற்கு ஒருநாள் பஸ் ரிக்கற்றும் வீண்செலவு என்று.