செத்த பிறகு பதினொரு தீயை அணைத்தவர்

என் அக்காவின் கணவர் தையல்காரர். துணியைச் சொன்ன தேதியில் அவர் தைத்துக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. என் கல்யாணத்துக்கென்று கொடுத்த உடை எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது. அப்போது அது எனக்குப் போதவில்லை. கேட்டால், "நீ பெருத்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்பார். ஆனால் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதிவிட்டால் போதும், வாடிக்கையாளரின் இடுப்பில் சுற்றிய டேப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். ஒரு பெரியவர் அரைமணி நேரம் கையைத் தூக்கியபடியே கடையில் நின்றிருக்கிறார்.

அது சம்பளமில்லாத வேலை. எங்கள் ஊரில் தீயணைப்பவர்கள் எல்லாருமே தன்னார்வலர்கள். தையல்காரர், ரொட்டிக்கடைக்காரர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்று பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு. நெருப்புக்குள் போகும்போது அதை வண்டி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வெளியே வந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொள்ளவேண்டும். ஓட்டுநர் கையில் வில்லை மிச்சமிருந்தால் உள்ளே ஆள் மிச்சமிருக்கிறது என்று பொருள். அத்தானின் எண் ஏழு.

நவம்பரில் மெத்தைக் கிடங்கு எரிந்தபோது கூரை விழுந்து அத்தான் போய்விட்டார். அக்கா ஒரு வாரம் பாயைவிட்டு எழவில்லை. எட்டாம் நாள் எழுந்து, அவர் பாதியில் போட்டிருந்த பதினான்கு துணிகளையும் தைத்து முடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு பிள்ளைகள், கடை வாடகை. சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வலர்களுக்கு உண்டான குடும்ப ஓய்வூதியம் வந்தால்தான் கடை தப்பும் என்ற நிலை.

இங்கேதான் அத்தானின் கூட்டாளிகள் மூளையைக் கசக்கினார்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும் என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான். அத்தானுக்கு நான்கு மாதம் குறைந்தது. அதனாலென்ன, நான்கு மாதம் அவரை உயிரோடு வைத்துக்கொண்டால் ஆயிற்று! எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒவ்வொரு முறை சங்கு ஊதும்போதும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரையும் எழுதினார்கள். மொத்தம் பதினொரு தீ. கூடவே, கிணற்றில் விழுந்த ஒரு கன்றுக்குட்டி.

மார்ச்சில் பத்து வருடம் நிறைந்தது. பதிவேட்டை அக்காவின் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினார்கள். அதே உறையில் இருந்த இறப்புச் சான்றிதழில் நவம்பர் என்று போட்டிருப்பது பதினொரு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்குக்கூட.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு அக்காவோடு நானும் போனேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இவர் நவம்பர்ல இறந்திருக்கார். டிசம்பர்ல மூணு தடவ தீயணைக்கப் போயிருக்கார்."

"செத்தவர் எப்படி சார் போவாரு?" என்று எகிறினேன்.

"அதத்தான் நானும் கேக்கறேன்." அவர் இன்னொரு தாளை எடுத்தார். "இந்த வருஷம் ஒரு நாள்கூட தவறாம வந்தவர் இவர் ஒருத்தர்தான். பாராட்டுப் பத்திரம் தயாரா இருக்கு. நேர்ல வந்து வாங்கிக்கணும்."

"யாரு வரணும்?" என்றாள் அக்கா மெதுவாக.

"அவர்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"பணியில இறந்தா பத்து வருஷமெல்லாம் தேவையே இல்லம்மா. ஒரு நாள் வேல பாத்திருந்தாலே போதும். ஆனா பதிவேட்டுப்படி இவர் உயிரோட திரும்பி வந்துட்டாரு. பதிவேடு பொய்னு எழுதிக் குடுங்க, இன்னிக்கே அனுப்பிடறேன். என்ன, குழுவக் கலைச்சுடுவாங்க."

அக்கா பேனாவை மேசைமேல் வைத்தாள். "எழுத மாட்டேன்."

வெளியே வந்ததும் அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். "பைத்தியமா உனக்கு? கடை போகப்போகுது!"

"அவங்கதான்டி வெறுங்கையால தோண்டி அவர வெளிய எடுத்தாங்க. அவங்களப் போய் பொய்யங்கன்னு எழுதணுமா?"

அவ்வளவு நல்ல மனசெல்லாம் எனக்குக் கிடையாது. நேராகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் நடந்ததையெல்லாம் சொல்லிக் கத்தித் தீர்த்தேன். அவர் குழாயை மூடினார். மறுநாள் காலை அக்காவை மறுபடி இழுத்துக்கொண்டு போனால், எங்களுக்கு முன்பே அவர் ஓய்வூதிய அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாத் தடவையும் எழுதினது நான்தான் சார். மத்தவங்களுக்கு எதுவும் தெரியாது," என்றார் அதிகாரியிடம். எல்லாருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஏழாம் எண் வில்லை இருந்தது.

"இது போதும்," என்றார் அதிகாரி. "வில்லைய வாங்கலேன்னா ஆள் திரும்பலேன்னுதான் விதி. ஆனா உங்கள வண்டியில இருந்து எடுத்துடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கோப்பில் சேர்ப்பதற்காக அதிகாரி கையை நீட்டினார். ஓட்டுநர் சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

"உங்ககிட்ட எப்படி சார் குடுக்கறது? உள்ள போனவர் வெளிய வந்து கேட்டாத்தான் குடுக்கணும். நாலு மாசமா வெச்சுக்கிட்டு நிக்கறேன்."

அக்கா எழுந்து போய் அவர்முன் கையை நீட்டினாள்.

"அவர் வரமாட்டார் தம்பி. எங்கிட்ட குடுங்க."

கொடுத்தார். கொஞ்ச நேரம் அதை உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அக்காவே அதைக் கோப்பின்மேல் வைத்தாள்.