அம்மா சொல்லாத பெயர்

மாதம் பிறந்தால் எதிர்வீட்டுக்காரன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பென்ஷன் வாங்கத் தென்காசிக்குக் கிளம்புவான். எனக்கு வயிறு பற்றி எரியும். இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். ஒரே கப்பலில் பஸ்ரா போனோம். சண்டையில் அவனுக்கு இரண்டு விரல் போயிற்று. எனக்கு இடது கால் முடமாயிற்று. விரல் போனவனுக்குப் பென்ஷன் கொடுத்தார்கள். கால் போனவன் எழுதிக் கேட்டால், அப்படி ஓர் ஆளே பட்டாளத்தில் இருந்ததில்லை என்று பதில் வந்தது.

கோளாறு பெயரில். தலைப்பிள்ளை என்பதால் எனக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! அதனால் அம்மா வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. ஆளெடுக்க வந்த துரை பெயர் கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். கிராம முன்சீப் கணக்கிலோ தாத்தா பெயர்; பென்ஷன் மனுவும் அந்தப் பெயரில்தான் போயிற்று. எதிர்வீட்டுக்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவன் தாத்தா பெயரை அண்ணன்காரன் வாங்கிக்கொண்டுவிட்டான். இளையவனாகப் பிறப்பதற்குக்கூடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் தாசில்தார் கொஞ்சம் இறங்கி வந்தார். பட்டாளத்தில் கூட இருந்தவன் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று பெற்றவள் நேரில் சொல்ல வேண்டும். கூட இருந்தவன் என்றால் எதிர்வீட்டுக்காரன்தான். வேறு வழியில்லாமல் அவன் வாசலில் போய் நின்றேன்.

"இதுக்கு என்னத்துக்குலே தயங்குத? வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டான். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை. மாதாமாதம் வாங்குகிறவனுக்கு அது சுலபம்.

தாலுகா கச்சேரியில் அவன் சாட்சி சொல்லி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"மகனுக்கு வச்ச பேரு என்னம்மா?"

"அருவிக்கரையில இருக்காருல்லா, அந்தச் சாமி பேரு."

குற்றாலத்தைக்கூட அவள் ஒருநாளும் ஊர்ப்பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. அதற்குள்ளும் மாமனார் இருந்தார்.

"அப்படியெல்லாம் எழுத முடியாது. பேரைச் சொல்லும்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லித் தொலையேன்!" என்று நான் கத்தினேன். எதிர்வீட்டுக்காரன் அவள் பக்கத்தில் போய், "பெரியம்மை, மெதுவாச் சொல்லுங்க. உங்க மாமனாரு கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றான். அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொல்லவைத்தார்கள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

தாசில்தார் கையெழுத்துப் போட்டார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"இனியாவது அவனப் பாத்து வயிறெரியாம இருப்பியாலே?" என்றாள் அம்மா.

இருப்பேன் என்றுதான் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, நனைந்த கல்படியில் இறங்க அவள் கையை நீட்டினாள். என்னிடம் இல்லை, அவனிடம்.