யாரும் தொடாத போன்

சாப்பாட்டு மேசையில் இரண்டு பழைய போன்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு, அக்கா தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஒன்றில் 'கிளம்பிட்டியா?' என்று தட்டுகிறாள். மற்றதை எடுத்து, 'இன்னும் குளிக்கவே இல்ல' என்று பதில் போடுகிறாள். பிறகு இரண்டையும் அழித்துவிடுகிறாள். அழித்ததை ஆய்வகத்தில் மீட்க முடிகிறதா என்று மறுநாள் பார்ப்பாள். ஆரம்பத்தில் அம்மாவுக்குச் சந்தேகம். யாருடி அது என்று கேட்டேவிட்டாள்.

"நான்தாம்மா. அந்தப் பக்கமும் நான்தான்."

"அப்ப சண்டையே வராது," என்றாள் அம்மா.

வழக்குகளில் சிக்கிய போன்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. அந்தப் போன்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வராது. ஆனால் அதே மாடலில் ஒரு பழைய போனைக் கடை கடையாக ஏறி இறங்கித் தேடி வாங்கிவருவாள். வீட்டில் அதற்கு 'ரெட்டை' என்று பெயர். சார்ஜ் ஏறாத ரெட்டை கிடைத்தால் அவளுக்குக் குஷி. கேபிள், பேட்டரி என்று ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பாள். அம்மா உப்பையும் மிளகாய்த் தூளையும் சேர்த்துப் போட்டால்கூட அவளுக்குப் பொறுக்காது. "ஒவ்வொண்ணா போடும்மா. எதனால கெட்டுச்சுன்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

ஒரு சரக்கு வேன் இடித்ததில் சைக்கிளில் போனவரின் கால் முறிந்துவிட்டது. போன் பையிலேயே இருந்தது, தொடவே இல்லை என்று வேன் ஓட்டுநர் சொன்னார். ஆனால் வேன் இடித்த நிமிடத்தில், அக்காவிடம் ஆய்வுக்கு வந்த அந்தப் போன் பயன்பாட்டில் இருந்ததாக ஆய்வு மென்பொருள் காட்டியது. அக்கா அதை அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓட்டுநர் சிறைக்குப் போக அந்த ஒரு வரி போதும்.

பிறகு ஒருநாள் மேசையைத் துடைக்க அம்மா ஓட்டுநர் போனின் ரெட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். திரை தானாக எரிந்து அணைந்தது. அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மறுநாள் மென்பொருளில் போட்டுப் பார்த்தால், அம்மா தூக்கிய அந்த நொடியையும் 'பயன்பாட்டில் இருந்தது' என்றே காட்டியது.

உடனே ரெட்டையை அப்பாவின் சட்டைப் பையில் போட்டு, குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டச் சொன்னாள். பின்னால் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டு போனாள். "என்னமோ வெடிகுண்டு வெச்ச மாதிரி பயமுறுத்துறாடா உங்க அக்கா," என்று அப்பா வந்து புலம்பினார். அவர் கைப்பிடியை விடவே இல்லை. ஆனால் போன் பள்ளத்துக்குப் பள்ளம் 'பயன்பாட்டில்' இருந்திருக்கிறது.

அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அக்கா சொன்னதும் மேலதிகாரிக்குக் கோபம். முதலில் ஒன்று, இப்போது ஒன்றா என்று கேட்டாராம்.

"அப்ப நான் சோதிக்கல சார். இப்ப சோதிச்சிருக்கேன்."

விசாரணையன்று நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். ஓட்டுநர் போனைத் தொடவில்லை என்று அக்கா சொல்லவில்லை. தொட்டார் என்று இந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான் என்றாள். நீதிபதி அந்த வரியைச் சான்றிலிருந்து நீக்கினார். ஓட்டுநர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஓட்டுநரின் வக்கீல் அதோடு விடவில்லை. அப்படியென்றால் சோதிக்காமல் அந்த முதல் அறிக்கையைக் கொடுத்தது யார் என்று குரலை உயர்த்தினார். ஆய்வகத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அக்கா, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப் போல, கையை நன்றாக மேலே தூக்கினாள்.