கோடு போட்ட காற்று

கண்ணில் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காற்றில் படம் வரைவதுதான் இப்போது என் வேலை. அபிராமபுரத்தில் ஒரு கல்யாண அலங்கார ஆபீஸ். மேடையோ ஊஞ்சலோ, நிஜ அளவிலேயே வரைந்து, வந்தவர்களுக்கும் ஹெட்செட் மாட்டிவிட்டு, அதைச் சுற்றி நடக்கவிட்டுக் காட்டுவோம். வரையும்போதே அது சுவரிலிருக்கும் டிவியிலும் தெரியும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுவரில் முட்டிக்கொண்டு நானே பழகியது.

காகிதம் கையைத் தாங்கும். காற்று தாங்காது. நேராக இழுத்ததாக நினைக்கும் கோடு, பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் நம் மூக்கை நோக்கி வளைந்து வந்திருக்கும். அதற்காகவே சில துணைகள் உண்டு. கண்ணாடிபோல எதிரே நிற்கும், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட ஒரு கட்டம், தூரிகை நுனியிலிருந்து தரைக்கு இறங்கும் மெல்லிய கோடு, கீழே விழும் நிழல். மூன்றையும் போட்டுக்கொண்டுதான் நான் வரைவேன்.

கூட வேலை பார்க்கிற தம்பிக்கு அதில் ஒரே சிரிப்பு. அவன் வெறுங்கையால் விளாசுகிறவன்.

"இன்னாக்கா, இன்னும் கோடு போட்ட நோட்லதான் எழுதிக்கினு கீறியா?"

"ஆமாம்பா. நீ கோடே இல்லாத ரோட்ல வண்டி ஓட்டு. நான் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறேன்."

அவன் வாய்க்கு நான் ரசிகை. வேளச்சேரி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அவன் கிண்டலை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். ரசிப்பது வேறு, கேட்டு நடப்பது வேறு.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, தன் பெண்ணின் கல்யாண ஊஞ்சலைப் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவங்க முன்னாடி கட்டம் கிட்டமெல்லாம் வேணாம். டிவில தெரிஞ்சா, வரையத் தெரியாதவங்கன்னு நினைப்பாங்க. முடியலைன்னா தம்பி வரையட்டும்."

அந்த ஊஞ்சல் நான் யோசித்தது. அன்றைக்குக் கைமாறினால் இனி பெரிய வேலை எதுவும் என்னிடம் வராது.

"கொத்தனார் தூக்குக்குண்டு போட்டா வேலை தெரியாதவர்னா சொல்றோம்? நான்தான் வரைவேன் சார். கட்டத்தோட வரைவேன்."

அவர் முகம் சுருங்கியது. "ரெண்டு பேரும் வரைங்க. அவங்க எதைச் சொல்றாங்களோ அதுதான்."

மாமி வந்து உட்கார்ந்தார். தம்பி முதலில் வரைந்தான், டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். டிவியில் பார்த்த மாமி, "பேஷ்!" என்றார்.

ஹெட்செட்டை மாட்டியதும் மாமி எதிரில் நிற்கவில்லை. ஊஞ்சலைச் சுற்ற ஆரம்பித்தார். அவர்கள் கல்யாணத்தில் பெண்கள் வண்ணச் சோற்று உருண்டைகளை ஏந்தி ஊஞ்சலைச் சுற்றிவருவார்கள். மேடைகளையே போட்டுப் பழகிய தம்பி முன்னாலிருந்து மட்டுமே பார்த்து வரைந்திருந்தான்.

பக்கவாட்டில் போனவர் நின்றுவிட்டார். "என்னடாப்பா இது? ஒரு சங்கிலி என்னண்ட வரது, இன்னொண்ணு அந்தண்ட போறது. இதுல உக்காந்தா எங்காத்துப் பொண்ணு விழுந்துடுவா!"

அடுத்து நான். டிவியில் என் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. முதலாளி இருமினார். மறுபடி இருமினார். நான் கட்டத்தை எடுக்கவில்லை. நிழலைப் பார்த்துச் சங்கிலி, கட்டத்தைத் தொட்டுப் பலகை என்று நிதானமாகப் போனேன். மாமி இரண்டாவது காபியும் குடித்துவிட்டார்.

பிறகு எழுந்து ஹெட்செட்டை மாட்டி, என் ஊஞ்சலைச் சுற்றிவந்தார். "இது ஊஞ்சல்! ஏம்மா, பின்னாடி வலை மாதிரி இருக்கே, அதுல மல்லிப்பூ கட்டித் தொங்கவிட முடியுமோ?"

நான் வாய் திறப்பதற்குள், "தாராளமா மாமி," என்று முதலாளி முந்திக்கொண்டார்.

மாமி போனதும் தம்பி என் பக்கம் சாய்ந்தான். "ஜெயிச்சிட்டக்கா. ஆனா ஆமை தோத்துடும் உன்கிட்ட."

"தோக்கட்டும்பா."

முதலாளி மட்டும் விடவில்லை. "அடுத்த தடவை அந்தக் கட்டத்தை மறைச்சிடலாம்மா."

"உங்க டிவில மறைச்சுக்கோங்க சார். என் கண்ணு முன்னாடி அது இருக்கும்."

சொல்லிவிட்டு, மல்லிப்பூவுக்கு அளவு பார்க்க மறுபடியும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.