அவர் வாசிக்காத வரி

வலியசாலை வீட்டை மகன் பெயருக்கு எழுதப் போன அன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தேன். ஒல்லி மனிதர். மை விரலை வேட்டியிலேயே துடைத்துக்கொள்வார். மகனைச் சாயா வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டார்:

“அம்மே, நாளைக்கு இறங்கிப் போகச் சொன்னா எங்க போவீங்க?”

“எம்மகன் அப்படிப்பட்டவன் இல்ல.”

“எல்லா அம்மைமாரும் இதத்தான் சொல்லுவாங்க. சாகுறவரை இங்கதான் இருப்பீங்கன்னு ஒரு வரி சேக்கட்டா?”

தலையாட்டினேன்.

மகன் வந்ததும், மலையாளத்தில் எழுதினதை எனக்காகத் தமிழில் சொல்லி வாசித்தார். அந்த வரி மட்டும் வரவில்லை. நானும் அதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது மகன் வீட்டை விற்கப் பேசுகிறான். மலையாளப் பத்திரம் அவன் அலமாரியில். அவனுக்குத் தெரியாதிருக்க அந்த வரியை வாசிக்காமல் விட்டாரா, எழுதவே இல்லையா? வேட்டியில் விரல் துடைத்த அந்த மனிதரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.